கேட்ஸ்பியும் பெரியகங்காணியும்

கேள்வி: 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் படித்தேன். பணத்துக்காக நெறி தவறிய அப்படி ஓர் ஆள் நம் தோட்டங்களில் உண்டா?
– வாசகி, அட்டன்

பதில்: தொழிலாளரைத் திரட்டிவந்து வேலை வாங்கிய பெரியகங்காணி இருந்தாரே! அந்த நாவல் 1925இல் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1921 வரை, இங்கே இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. கடனைக் கட்டும் தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். கங்காணி கூட்டத்தோடு தோட்டம் மாறினால் முற்பணம் அவர் கைக்கு, கடன் ஆட்களின் கணக்குக்கு. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு வேறு. காய்ச்சல்காரரையும் ஏன் தேயிலை மலைக்கு வேலைக்கு விரட்டினார் என்று இப்போது புரிகிறதா?

கேட்ஸ்பி கள்ளச்சாராயப் பணத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு விருந்து வைத்தான். இவரோ சொந்த ஊர்க்காரர்களையே, உறவுக்காரர்களையே கடனில் வைத்தார். அதனால் கேட்ஸ்பிமேல் வரும் இரக்கம் எனக்கு இவர்மேல் வருவதில்லை. (கோயில் திருவிழாவை முன்னின்று நடத்தினார் என்பார்கள். நடத்தட்டும்!) ஆனால் நாவலில் தப்பிப்பது பரம்பரைப் பணக்காரர்கள்; இங்கே, லண்டன் கம்பெனிப் பங்குதாரர்கள்.

அடுத்து சி.வி.வேலுப்பிள்ளையைப் படியுங்கள். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளின், லயத்தின், வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்து எழுதியவர்.