எந்தச் சின்னசாமி? கைதையும் சிறையையும் இணைக்கும் வேலைக்கு வருபவர்களுக்கு

கச்சிராயபாளையத்தில் 2018-இல் பதிவான வழக்கில் மாவட்டம் விழுப்புரம் என்று இருக்கும். 2020-இல் பதிவானதில் கள்ளக்குறிச்சி. 1993-க்கு முந்தைய தாள் கிடைத்தால் தென்னாற்காடு. ஊர் அதே கோமுகி அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்தது. ஒருவர் எந்த வயதில் முதல் வழக்கில் சிக்கினார், எத்தனை முறை மறுபடி உள்ளே போனார், எப்போது விட்டொழித்தார் என்பதைக் கைதுப் பதிவையும் சிறைப் பதிவையும் இணைத்து ஆராயும் வேலைக்கு வந்தால், முதல் வாரமே இந்தச் சிக்கலில்தான் கால் வைப்பீர்கள். நிலையங்களின் பழைய பெயர், புதிய பெயர், எந்தத் தேதியில் எந்த மாவட்டம் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

குற்றவியல் படித்தவர்கள் வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறை உண்டு. புள்ளியியல், கணினி படித்தவர்களும் வரலாம். இரு தரப்பாருக்கும் பதிவேடு வாசிக்கத் தெரியாது என்பது என் அனுபவம். ஒரு ஸ்டேஷன் ரைட்டரோடு நாலு நாள் உட்கார்ந்தால் அது வந்துவிடும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைதானவர்களில் சிலர் மீது ஏற்கெனவே மதுவிலக்கு வழக்குகள் இருந்தது தெரிந்ததும் ஊரே கேட்டது ஒரே கேள்விதான்: இத்தனை கேஸ் இருந்தும் எப்படி வெளியே இருந்தார்கள்? இதற்கான பதில் ஒரே இடத்தில் இல்லை. கைது காவல் நிலையத்தில், ஜாமீன் நீதிமன்றத்தில், தடுப்புக் காவல் உத்தரவு கலெக்டர் அலுவலகத்தில், விடுதலைத் தேதி கடலூர் மத்திய சிறையில். நான்கையும் ஒரே ஆளின் மேல் சேர்த்தால்தான் கேள்வியையே ஒழுங்காகக் கேட்க முடியும்.

வழக்கோடு வழக்கைச் சேர்ப்பது எளிது. காவல்துறையின் சிசிடிஎன்எஸ்-இல் குற்ற எண்ணும் ஆண்டும் நிலையமும் இருக்கும். இ-கோர்ட்ஸில் 16 இலக்க சிஎன்ஆர் எண். இ-பிரிசன்ஸில் கைதியின் எண். இவற்றைக் கோக்கத்தான் ஐசிஜேஎஸ் என்ற ஏற்பாடு வந்தது. அதில் வெளி ஆராய்ச்சியாளர் தானாக நுழைய முடியாது. எழுத்துபூர்வ அனுமதி வாங்கி, இணைக்கும் வேலையை அனுமதி தருபவர்களின் வளாகத்திலேயே முடித்துவிட்டு, பெயர் நீக்கிய கோப்பை மட்டும் வெளியே கொண்டுவருவதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஆளோடு ஆளைச் சேர்க்கும்போதுதான் தலை சுற்றும். கற்பனையாக மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்வோம். 'சின்னசாமி, வயது சுமார் 35, த/பெ அண்ணாமலை, வெள்ளிமலை.' 'சின்னச்சாமி, 38, த/பெ அண்ணாமலை, இன்னாடு.' 'அ. சின்னசாமி என்கிற சாமி, 40', தகப்பன் பெயர் இல்லை, முகவரி கச்சிராயபாளையம். ஒருவரா, மூவரா? தாத்தா பெயர் பேரனுக்குப் போகும் ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு சின்னசாமி இருப்பது சாதாரணம். வெள்ளிமலையும் இன்னாடும் இருக்கும் கல்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கிக் கரும்பு வெட்ட வந்தவர் சொல்லும் முகவரி வேலை செய்யும் இடமாக இருக்கலாம். பழைய பதிவுகளில் வயது 30, 35, 40 என்று ஐந்தைந்தாகத் தாவும். ஆங்கிலத்தில் தட்டும்போது பெயரின் கடைசி எழுத்து இன்று 'ஐ', நாளை 'ஒய்'.

எல்லாம் அப்படியே ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று விதி வைத்தால் பாதிப் பேர் முதல் வழக்கோடு திருந்திவிட்டவர்களாகத் தெரிவார்கள். ஆகவே பொருத்தத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் 1969-இல் வகுத்த கணக்கு இன்றும் இதற்கு அடிப்படை. சின்னசாமி என்ற பெயர் ஒத்துப்போனால் மதிப்பு குறைவு; அபூர்வமான பெயர் ஒத்துப்போனால் அதிகம். பிரிட்டன் நீதித்துறை அமைச்சகம் தன் நீதிமன்ற, சிறைப் பதிவுகளை இணைக்க உருவாக்கிய ஸ்ப்ளிங்க் என்ற பைத்தான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதற்குத் தமிழ்ப் பெயர்களின் போக்கு தெரியாது. தகப்பன் பெயரையும் முன்னெழுத்தையும் சேர்த்துப் பார்க்க நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். சில நூறு ஜோடிகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் சரிபார்த்து, கணினியின் முடிவோடு ஒப்பிடாமல் எந்த எண்ணையும் வெளியே விடாதீர்கள்.

இனி சிறைப் பதிவு. அது எதற்கு என்று மேலதிகாரி கட்டாயம் கேட்பார். ஒருவர் மீது இரண்டு வருடம் புது வழக்கு இல்லை என்றால் கைதுப் பட்டியல் அவரைத் திருந்தியவராகக் காட்டும். அந்த இரண்டு வருடத்தில் பாதியை அவர் கடலூரில் கழித்திருக்கலாம். வெளியே இருந்த நாட்களை மட்டும் எண்ணி, அதற்குள் எத்தனை வழக்கு என்று பார்க்க வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. ஜாமீன் உத்தரவுத் தேதியை விடுதலைத் தேதியாக எடுத்துவிடுவது முதலாவது. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தில், பேச்சுவழக்கில் குண்டர் சட்டத்தில், அடைக்கப்பட்டவர் வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. குண்டாஸ் என்றாலே 12 மாதம் என்று கணக்கு வைப்பது இரண்டாவது. பன்னிரண்டு மாதம் உச்ச வரம்புதான். அறிவுரைக் கழகம் போதிய காரணம் இல்லை என்றாலோ உயர் நீதிமன்றம் உத்தரவை நீக்கினாலோ முன்னதாகவே வந்துவிடுவார். மூன்றாவதில்தான் கெட்டிக்காரர்களும் விழுகிறார்கள். உள்ளே இருப்பவரைப் பழைய வழக்கு ஒன்றில் முறைப்படி கைது காட்டி, பி.டி. வாரண்டில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். கைதுத் தேதியை மட்டும் நம்பினால் அவர் சிறைக்குள்ளிருந்தே சாராயம் காய்ச்சியதாக உங்கள் கோப்பு சொல்லும். சம்பவத் தேதியை எடுங்கள். சிறை நாட்களுக்கு ஜெயில் பதிவேட்டின் தேதிகளை எடுங்கள்.

சட்டப் பிரிவுகளுக்கும் ஒரு அட்டவணை வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த திருட்டு இந்திய தண்டனைச் சட்டம் 379. அதற்குப் பின் நடந்தது பாரதிய நியாய சன்ஹிதா 303(2). மதுவிலக்குச் சட்டம் 1937-இலிருந்து வருகிறது, அதன் தண்டனைகள் 2024-இல் கடுமையாக்கப்பட்டன.

துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. ஃபிலடெல்பியாவில் 1945-இல் பிறந்த 9,945 பையன்களின் போலீஸ் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து, வுல்ஃப்காங் குழுவினர் 1972-இல் வெளியிட்டது. அதில் 627 பேர், அதாவது சுமார் 6 சதவீதம், பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். உங்கள் மேலதிகாரியும் நம்ம மாவட்டத்தின் ஆறு சதவீதம் யார் என்று பட்டியல் கேட்கக்கூடும். கொடுக்காதீர்கள். பெயர்ப் பட்டியல் நிலையத்துக்குத் திரும்பாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தவறாகச் சேர்த்த ஒரு சின்னசாமி கட்டுரையில் தசமப்புள்ளிப் பிழை. காவல் நிலையத்தின் ஹிஸ்டரி ஷீட்டில் ஏறினால் ராத்திரி வீட்டுக்கதவு தட்டப்படும் ஆள்.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. பிறப்பை வைத்தே குற்றவாளி என்று பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த நாடு இது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென்று இருந்த கட்டத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3-இல்தான். பழைய பதிவேட்டில் அந்தக் கட்டம் நிரப்பியிருந்தால் அதை உங்கள் கோப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இளைஞர்களைப் பற்றி ஒன்று. முதல் வழக்கு 18 வயதில் என்று உங்கள் கணக்கு சொன்னால் நம்பிவிடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம், 2015, பெரும்பாலான வழக்குகளில் சிறாரின் பதிவை அழிக்கச் சொல்கிறது; அதற்கு முந்தைய வருடங்கள் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: 2024 ஜூலையில் மதுவிலக்குக் கைதுகள் திடீரென்று ஏறியிருந்தால் அதற்கு என்ன பொருள்? குற்றம் பெருகியது என்பவரை அனுப்பிவிடுவேன். கல்வராயன் மலையில் ரெய்டு எத்தனை நடந்தது, சாராய ஊறல் எத்தனை லிட்டர் அழித்தார்கள், எத்தனை தனிப்படை போட்டார்கள் என்ற கணக்கு கிடைக்குமா என்று திருப்பிக் கேட்பவருக்கு அன்றே வேலை.