தண்ணீரையும் எழுதி வையுங்கள்
கைத்தொழில் ஆவணத்தைக் கூடித் தொகுக்க ஒரு பாடம்



குஜராத்தில் வாழும் நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உறவினர்களுக்கு அஜ்ரக் துணி வாங்கிச் செல்வதுண்டு. கருநீலமும் சிவப்புமாக, நட்சத்திரமும் பூவுமாக அச்சிட்ட அந்தத் துணியை ஊரில் ஒரு பெரியவர் கையில் வாங்கி, "இது என்ன சாயம்? யார் போட்டது?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? கடையில் விலை கேட்டோம், பேரம் பேசினோம், வந்துவிட்டோம்.

அந்தக் கேள்விகளைக் கேட்பது எப்படி, கிடைத்த பதில்களைப் பலர் சேர்ந்து கணினியில் தொகுத்து வைப்பது எப்படி என்பதே இந்தப் பாடம். அஜ்ரக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. துணிக்குள் இருக்கும் அறிவு

கட்ச் மாவட்டத்தில் அஜ்ரக் தொழிலைச் செய்பவர்கள் கத்ரி சமூகத்தார். சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் சிந்துப் பகுதியிலிருந்து வந்து, தமட்கா என்னும் ஊரில் ஆற்றங்கரையில் குடியேறியவர்கள். ஓடும் தண்ணீரில் துணி அலச வேண்டும் என்பதே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

வேலையின் படிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். முதலில் துணியை அலசிக் கஞ்சியைப் போக்குகிறார்கள். ஆமணக்கெண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊற வைக்கிறார்கள். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்து வெயிலில் காய வைக்கிறார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை மர அச்சால் பதிக்கிறார்கள். பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் புளிக்க வைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சிய பசை கறுப்புக்கு உரியது. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரப் பசை. பின்னர் அவுரித் தொட்டியில் முக்கினால் நீலம். கடைசியில் மஞ்சிட்டி போன்ற சாயப் பொருளில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கிறது.

கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் கடுக்காய் மை செய்தது இதே முறையில்தான். சோழமண்டலக் கரையிலும் சாயவேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். வேர் வேறு, மண் வேறு, வழி ஒன்று.

2. தண்ணீர் மாறியபோது

தமட்காவின் ஆறு வற்றியது. கிணற்று நீரை நம்பித் தொழில் நடந்தது. 2001 ஜனவரி 26 அன்று வந்த பூகம்பம் அந்த ஊரையும் தரைமட்டமாக்கியது. அதற்குப் பின் அங்கே கிடைத்த நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடியிருந்தது. இரும்பு கடுக்காயோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். கறுப்பு வேண்டாத இடத்திலும் நிறம் மங்கும். சிவப்பு தெளியாது.

ஆகவே கத்ரி குடும்பங்கள் பல, புஜ் நகரை அடுத்து நல்ல தண்ணீர் உள்ள நிலத்தைத் தேடி வாங்கி, அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்தன. சில குடும்பங்கள் தமட்காவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தன.

அன்பர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. துணியை மட்டும் ஆயிரம் படம் எடுத்து வைத்திருந்தாலும், "எந்தத் தண்ணீர்?" என்று ஒருவர் எழுதி வைக்காவிட்டால், அந்தத் தொகுப்பைக் கொண்டு பின்னால் ஒருவராலும் அந்தச் சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இது வெறும் கற்பனை அச்சமல்ல. மலிவான ரசாயனச் சாயங்கள் வந்தபின் இயற்கைச் சாய முறை கட்ச்சில் ஏறக்குறைய கைவிடப்பட்டிருந்தது. தமட்காவைச் சேர்ந்த முகமது சித்திக் கத்ரி அதை மீட்டெடுத்துத் தம் மூன்று மகன்களுக்கும் கற்பித்தார். ஒருவர் நினைவில் அது நின்றதால் பிழைத்தது. எல்லாத் தொழிலுக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை.

3. படம் மட்டும் போதாது

எகிப்தில் கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத் என்னும் பழைய நகரில், குஜராத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறிச் சென்ற அச்சுத் துணித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. துணி இருக்கிறது. அச்சிட்டவர் பெயர் இல்லை. அவர் எந்த ஊர், அந்த அச்சை என்ன பெயரால் அழைத்தார் என்று சொல்ல ஆளில்லை.

இத்தவறை நானும் செய்திருக்கிறேன். மதுரையில் வயதான சௌராஷ்டிர அம்மையார் ஒருவர் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பல வருடங்களுக்கு முன் படம் பிடித்தேன். இந்தப் பக்கத்திலிருந்து தென்னாட்டுக்குச் சென்ற சமூகம் அது. இங்குள்ள பாந்தனிக்கும் அந்தச் சுங்குடிக்கும் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றும் முறை பொது. படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அந்த முடிச்சுகளுக்கு அவர் வீட்டு மொழியில் என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை போனபோது அவர் இல்லை. நாற்பது படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒரு சொல் இல்லை.

4. தொகுக்கும் முறை: ஐந்து படிகள்

முதற்படி, அனுமதி. காமிராவை எடுப்பதற்கு முன் கைவினைஞரோடு உட்கார்ந்து பேசுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். பின்னால் மனம் மாறினால் எடுத்துவிடலாம் என்ற உரிமையும் அவருக்கு உண்டு.

இரண்டாம் படி, சொல். ஒவ்வொரு கருவிக்கும் வேலைக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் குரலிலேயே செல்பேசியில் பதியுங்கள். கட்ச்சிச் சொல்லைக் குஜராத்தி எழுத்திலும் எழுதுங்கள். தமிழ் விளக்கம் அதன் பிறகு.

மூன்றாம் படி, பதிவு அட்டை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. எடுத்துக்காட்டாக, கறுப்புப் பசைக்கு:

பெயர்: அவர் வாயில் வந்த சொல்.
பொருள்: இரும்பு, வெல்லம், புளியங்கொட்டை மாவு, ஒவ்வொன்றும் எவ்வளவு.
தண்ணீர்: எந்தக் கிணறு, எந்த மாதம்.
காலம்: வெயிலில் எத்தனை நாள், குளிரில் எத்தனை நாள்.
பக்குவம்: நிறத்தாலா, மணத்தாலா, எதனால் அறிகிறார்.
பிழை: கெட்டால் எப்படித் தெரியும், என்ன செய்வார்.
சொன்னவர், எழுதியவர், நாள், இடம்.
யார் பார்க்கலாம்.

'பிழை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். தேர்ந்த கையின் அறிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நான்காம் படி, சேமிப்பு. நூலகங்கள் பின்பற்றும் டப்ளின் கோர் என்னும் முறையில் தலைப்பு, ஆக்கியவர், நாள், மொழி, உரிமை என 15 குறிப்புகள் உண்டு. அட்டையை அதனோடு பொருத்தினால் வேறு தொகுப்புகளோடு பிற்காலத்தில் இணைக்கலாம். ஒமேகா போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கு உதவும். கோப்புக்கு ஊர், தொழில், நாள், எண் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். மூன்று பிரதிகள் இருக்கட்டும்; அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். பழைய பிளாப்பியைத் திறக்க இன்று கருவி தேட வேண்டியிருப்பதை நினைவிற் கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சாதனத்துக்கு மாற்றுங்கள்.

ஐந்தாம் படி, திருப்பிக் காட்டுதல். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்க வேண்டும். கூட்டு முயற்சி என்பதற்குப் பொருள் அதுவே. நாம் எழுதுகிறவர்கள், தொகுப்பு அவருடையது.

5. திறப்பதா, பூட்டுவதா?

"எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டால் நகலெடுப்பவனுக்கு வசதியாகாதா?" என்று ஒரு கைவினைஞர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அஜ்ரக் வடிவங்களை ஸ்கிரீன் அச்சில் மலிவாக அடித்து விற்பதைக் கடைத்தெருவில் பார்க்கிறோம். கட்ச் அஜ்ரக்குக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயருக்குக் காப்பு. ஒவ்வொரு குடும்பத்தின் நுணுக்கத்துக்கும் அதுவே காப்பாகாது.

எழுதாமல் விடுவதிலும் இழப்பு உண்டு. புண்ணுக்கு மஞ்சள் இடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளைச் சான்றாகக் காட்டியதால் 1997இல் அது ரத்தானது. வாய்மொழி மட்டும் இருந்திருந்தால் வழக்கு கடினமாகியிருக்கும். மருத்துவ அறிவைத் தொகுக்கும் பாரம்பரிய அறிவு மின் நூலகம் 2001இல் தொடங்கியதன் பின்னணியில் இந்த அனுபவமும் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடியினர் தங்கள் படங்களையும் கதைகளையும் சேர்க்க உருவான முகுர்த்து என்னும் மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே முடிவு செய்கிறது. நாமும் மூன்று பெட்டிகள் வைத்துக் கொள்ளலாம்: எல்லோருக்கும் ஒன்று, தொழில் செய்யும் சமூகத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கு மட்டும் ஒன்று. பசையின் அளவு மூன்றாம் பெட்டியில் இருக்கட்டும். அதன் சாவி அவர் பேரனிடம் போய்ச் சேரட்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலுள்ள ஒரு கைவினைப் பொருளுக்கு மேற்கண்ட அட்டையை நிரப்புங்கள். நிரப்ப முடியாத வரிகளின் கீழ்க் கோடிடுங்கள்.
2. அந்த வரிகளுக்கு விடை சொல்லக்கூடியவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், வயது என்ன என்று குறியுங்கள்.
3. வயதில் மூத்தவரிடம் முதலில் செல்லுங்கள்.

மூன்றாவது பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டாம் என்று அனுபவத்தால் கேட்டுக் கொள்கிறேன்.