1 கிலோ தானியம் 6 கிலோ தீவனம் ஆகுமா?

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 25 சிறுவிடைக் கோழிகள் வளர்க்கிறேன். கோடையில் மேய்ச்சலில் பச்சை என்று எதுவும் இல்லை. கடைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ட்ரேயில் மக்காச்சோளத்தை முளைக்கவிட்டால் 1 கிலோ தானியம் 6 கிலோ தீவனமாகும், செலவு பாதியாகும் என்கிறார்கள். நான் துணியில் கட்டிக் கம்பை முளைக்கவைத்தேன். வெள்ளையாகப் பஞ்சுபோல் வந்ததும் பயந்து கொட்டிவிட்டேன். எந்தத் தானியம் நல்லது? எத்தனை நாள் வளர்க்க வேண்டும்? எவ்வளவு கொடுக்கலாம்? குஞ்சுகளுக்கும் போடலாமா?

— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முளைத்த தானியம் உங்கள் கோழிகளுக்கு நல்லதுதான், சகோதரி. ஆனால் அது துணைத் தீனி. முழுத் தீனி ஆகாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் ட்ரே வாங்குவதா, எத்தனை நாள் வளர்ப்பது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் அந்த 6 கிலோ கணக்கு. காய்ந்த மக்காச்சோளம் 1 கிலோவில் ஈரம் போக ஏறக்குறைய 880 கிராம் திடப்பொருள் இருக்கிறது. ஏழெட்டு நாள் தண்ணீர் தெளித்தால் ட்ரேயில் 5 கிலோ, 6 கிலோகூடப் பச்சையாகக் கிடைக்கும். 5 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். மிஞ்சுவது 750 கிராம். போட்டதைவிடக் குறைவு! மண்ணும் உரமும் இல்லாமல் வளரும் முளை, விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தை எரித்துத்தான் வளர்கிறது. புரதம் கூடுகிறது என்பதும் இந்தக் கணக்கில் அடங்கியதே. மாவுச்சத்து குறைவதால் புரதத்தின் விகிதம் உயர்ந்து தெரிகிறது. மொத்தப் புரதம் கூடுவதில்லை.

மாடு அந்தப் பச்சையின் நாரைச் செரித்துப் பயன்படுத்திக்கொள்ளும். கோழியால் அது பெரிதாக முடியாது. நீண்ட வேரும் தண்டும் பின்னிக் கிடப்பதை அப்படியே விழுங்கினால் தீனிப்பையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். அதனால் கோழிக்கு ட்ரே வேண்டாம். முளை அரை அங்குலத்தைத் தாண்டும் முன், இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலேயே போட்டுவிடுங்கள். அந்தப் பருவத்தில் மாவுச்சத்து அதிகம் வீணாகியிருக்காது. தானியத்தில் பாஸ்பரஸைக் கட்டிவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறையத் தொடங்கியிருக்கும். வைட்டமின்களும் கூடும்.

எந்தத் தானியம்? உங்கள் பகுதிக்குக் கம்பே போதும். சீக்கிரம் முளைக்கும், கோழி விரும்பிக் கொத்தும். மக்காச்சோளமும் ஆகும்; அதிக நேரம் ஊற வேண்டும். இரண்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஒன்று, வெள்ளைச் சோளம். இளஞ்சோளப் பயிரை மாடு மேய்ந்தால் ஆபத்து என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணமான சயனைடு நஞ்சின் மூலப்பொருள் சோள முளையிலும் உருவாகிறது. சோளத்தைக் காய்ந்த தானியமாகப் போடுங்கள், முளைக்கவைக்காதீர்கள்.

இரண்டு, விதைக்கடையில் வாங்கும் விதைநேர்த்தி செய்த விதை. சிவப்பு, பச்சை என்று சாயம் ஏறியிருப்பது பூஞ்சைக்கொல்லி கலந்ததற்கு அடையாளம். அவற்றில் தைரம் என்ற மருந்து கோழியின் கால் எலும்பைக் கோணலாக்கும், முட்டை தோல்முட்டையாகிவிடும். கழுவினாலும் நம்ப வேண்டாம். சாப்பாட்டுக்கு விற்கும் தானியத்தையே வாங்குங்கள்.

25 கோழிக்கு நாளொன்றுக்கு 400 கிராம் கம்பு போதும். மாலையில் கழுவி, மிதக்கும் பொக்கைத் தள்ளிவிட்டு, ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை முழுக்க வடித்து, பருத்தித் துணி விரித்த மூங்கில் கூடையில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் வையுங்கள். மூட்டையாக இறுக்கிக் கட்டினால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். கோடையில் நாளுக்கு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி வடிகட்ட வேண்டும். தினமும் மாலையில் புதிதாக ஊறவைத்து வந்தால் நாள்தோறும் முளை கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கூடையையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயவையுங்கள்.

நீங்கள் கொட்டிய அந்தப் பஞ்சு பூஞ்சையாக இல்லாமலும் இருந்திருக்கலாம். முளைவேரைச் சுற்றி வெண்ணிற வேர்த்தூவிகள் வருவது இயல்பு. அவை வேரில் மட்டும் சீராகப் படிந்திருக்கும்; அலசினால் படுத்துவிடும். பூஞ்சை தானியத்துக்குத் தானியம் தாவி வலைபோல் பின்னும். சாம்பல், பச்சை, கறுப்பு என்று நிறம் மாறும். முக்கல் வாடை வரும். வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அந்த இறப்புகளை ஆராய்ந்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டறியப்பட்டது. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது.

பெட்டைக்குக் காலையில் வழக்கமான அடர்தீவனத்தைக் கொடுத்துவிட்டு, முளையை நடுப்பகலில் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு போதும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்கு முதல் நான்கு வாரம் முளை வேண்டாம். அந்த வயதில் சிறு தீனிப்பை தண்ணீரால் நிறைந்தால் புரதத்துக்கு இடமிருக்காது. குஞ்சுத் தீவனமும், கிடைத்தால் கரையானும் கொடுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள மண்ணில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் ஏறியிருக்கும். காசில்லாப் புரதம் அது.

பச்சைக்கு உங்கள் பக்கத்தில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. முருங்கை இலையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தருவதில் இரண்டு நாள் முளையைவிட இலையே கெட்டி.

செலவைக் குறைக்க வேண்டுமென்ற உங்கள் நோக்கம் நியாயமானது. ஆனால் கொல்லைக் கோழியில் பெரிய நட்டம் வருவது தீவனத்தில் மட்டுமல்ல. வெள்ளைக் கழிச்சல் நோய் ஒரு முறை வந்தால் கூண்டே காலியாகிவிடும். முட்டையையும் கவனிக்க வேண்டும்: ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் தேவை. கம்பிலும் மக்காச்சோளத்திலும் அது மிகக் குறைவு. ட்ரேக்கு ஒதுக்கிய பணத்தில் நொறுக்கிய கிளிஞ்சல் வாங்கித் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். இந்த வாரமே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய், குஞ்சுக்கும் பெரிய கோழிக்கும் கழிச்சல் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.