குண்டு விழும் நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

அடுத்த சனிக்கிழமைப் பறப்புக்குத் திட்டம் போடுவது நீங்கள்தான் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரின் காகசஸ் வரைபடம். நான்கு எஃப்-16. கருங்கடல் ஓரம் படுமியிலிருந்து கிளம்பி, அப்காசியாவின் குடாவுட்டா விமானதளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் உடனே வரைபடத்தில் நாலு புள்ளி வைத்துக் கோடு இழுத்துவிட்டு, எந்த ஏவுகணையை மாட்டலாம் என்று பேச உட்கார்ந்துவிடுவார்கள். ஏவுகணையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுங்கள்.

நான் முதல்முறை திட்டம் போட்ட இரவில் நான்கு பேரில் இரண்டு பேர், படுமியின் ஓடுதள விளக்கு கண்ணில் படுகிற தூரத்தில், எஞ்சின் அணைந்து கடலில் இறங்கினோம். அந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். போகிற வழிக்கு எண்ணெய்க் கணக்கு கச்சிதமாக இருந்தது. வருகிற வழிக்குக் கணக்கே இல்லை.

அதிலிருந்து நேரமானாலும் எரிபொருளானாலும் கடைசியில் தொடங்கி முன்னால் வருவதுதான் என் வழக்கம்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். குண்டு விழ வேண்டியது 10:30:00. வேகத்தை 60-ஆல் வகுபடும்படி வைத்துக்கொண்டால் மனக்கணக்கே போதும்: 60 நாட் என்றால் நிமிடத்துக்கு ஒரு நாட்டிக்கல் மைல், 420 என்றால் ஏழு, 480 என்றால் எட்டு. தாக்குதல் தொடங்கும் புள்ளியை இலக்கிலிருந்து 16 மைலில் வைத்து 480-இல் போனால் இரண்டு நிமிடம். ஆகவே அந்தப் புள்ளியில் 10:28:00. அதற்கு முன் கடல்மேல் 63 மைல், 420-இல் ஒன்பது நிமிடம். ஆகவே ஒன்றுகூடும் இடத்தை விட்டுக் கிளம்புவது 10:19. அங்கே வட்டமடிக்க ஐந்து நிமிடம் கூடுதலாக வைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் தாமதமாக வருவார், அந்த ஒருவர் இல்லாத குழுவை நான் பார்த்ததில்லை. படுமியிலிருந்து அந்த இடத்துக்கு 42 மைல். மேலே ஏறிக்கொண்டே போவதால் சராசரி 360 நாட், ஏழு நிமிடம். நான்காவது விமானம் தரையை விடுவது 10:07, இருபது விநாடி இடைவெளி என்றால் முதலாவது 10:06. ஓடுதளத்துக்கு உருண்டு வரப் பத்து நிமிடம். திசைகாட்டும் கருவி தன்னை நிலைப்படுத்திக்கொள்ளவே எட்டு நிமிடம் பிடிக்கும், சரிபார்ப்புகளையும் சேர்த்தால் பதினைந்து. எஞ்சினைக் கிளப்ப வேண்டியது 9:41. பத்து மணிக்கு உள்ளே வந்து உட்கார்ந்தால் போதும் என்று நினைத்திருந்தவருக்கு இந்தத் தாளைக் காட்டுங்கள்.

இங்கே சொன்னதெல்லாம் தரைவேகம். மீட்டரில் தெரிவது அதுவல்ல. 20,000 அடியில் மீட்டர் 300 நாட் காட்டினால் காற்றில் உங்கள் உண்மை வேகம் ஏறக்குறைய 400. அதில் எதிர்க்காற்று 30 இருந்தால் தரையில் 370-தான். சிமுலேட்டரின் மிஷன் எடிட்டரில் சில உயரங்களுக்குக் காற்று தனித்தனியாக அமைக்கப்பட்டிருக்கும். வானிலைப் பக்கத்தைத் திறக்காமல் திட்டம் போடுவது விலை கேட்காமல் காய் வாங்குகிற மாதிரி. ஐந்து விநாடி பிந்தினால் என்ன என்று கேட்பவருக்கு: 480 நாட்டில் அது 1.2 கிலோமீட்டர். முன்னே போனவரின் குண்டுச் சிதறலுக்குள் நீங்கள் நுழையலாம்.

திசையிலும் ஒரு கண்ணி உண்டு. வரைபடத்தில் அளவுகோல் வைத்து எடுத்த கோணம் உண்மை வடக்கைச் சார்ந்தது, விமானத்தின் திசைகாட்டி காந்த வடக்கைச் சார்ந்தது. காகசஸில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 6 டிகிரி. விமானிகள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது: 60 மைலுக்கு ஒரு டிகிரி தவறினால் ஒரு மைல் விலகும். ஆறு டிகிரியைக் கழிக்க மறந்து அந்த 63 மைலைப் பறந்தால் ஆறு மைலுக்கு மேல் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

இனி எரிபொருள். இதையும் படுமியில் தரை தொட்ட கணத்திலிருந்து எண்ணுகிறேன். இறங்கும்போது தொட்டியில் 1,200 பவுண்டு இருக்க வேண்டும். படுமி மூடிக்கிடந்தால் மாற்று விமானதளமான செனாகிக்குப் போக 45 மைல், என் அளவில் மைலுக்கு 12 பவுண்டு, ஆக 540. குடாவுட்டாவிலிருந்து நேராகத் திரும்பினால் 100 மைல், 1,200. கூட்டினால் 2,940. முழுமையாக்கி 3,000. இதுதான் பிங்கோ: இந்த அளவு வந்ததும் என்ன நடந்துகொண்டிருந்தாலும் வீடு திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஆயிரம் சேர்த்து 4,000-இல் ஜோக்கர், அதாவது 'முடித்துக்கொள்' என்ற முன்னறிவிப்பு.

இப்போது மறுபக்கத்திலிருந்து வாருங்கள். உள்தொட்டியும் நடுத்தொட்டியும் சேர்த்துச் சுமார் 9,000 பவுண்டு. உருள, கிளம்ப, ஏற 1,200. வட்டமடிக்க 400. மீதி 79 மைலுக்கு ஏறக்குறைய 950. இலக்கின்மேல் இருக்கும்போது 6,450. பிங்கோவைக் கழித்தால் கையில் இருப்பது 3,450. கேட்க நிறையத்தான் தெரியும். தாழ்ந்த உயரத்தில் ஆஃப்டர்பர்னரைத் தட்டினால் நிமிடத்துக்கு 700 பவுண்டு போனாலும் ஆச்சரியமில்லை. ஆக, இந்த மொத்தப் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடச் சண்டை. எந்த ஏவுகணை என்ற பேச்சை இந்த எண் வந்த பிறகு தொடங்கினால் அது வேறு மாதிரிப் போகும்.

மைலுக்கு 12 என்பது என் சுமைக்கு, என் உயரத்துக்கு நான் அளந்தது. அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே குண்டுகளை மாட்டி, அதே உயரத்தில், எதிரியில்லாத வானத்தில் 50 மைல் நேராகப் பறந்து, முன்னும் பின்னும் எண்ணெய் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிட வேலை. கையேட்டு அட்டவணையைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

நிஜப் போரிலும் இந்த எண்தான் ஆட்களைத் தவிக்க வைத்திருக்கிறது. 1982, ஏப்ரல் 30 இரவு. அசென்ஷன் தீவிலிருந்து ஃபாக்லாந்தின் ஸ்டான்லி ஓடுதளத்தைத் தாக்க ஒரு வல்கன் கிளம்பியது. ஒருவழியே 6,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஒரே ஒரு குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர நடுவானில் எண்ணெய் கொடுக்கும் 11 விக்டர் டேங்கர்கள் பறந்தன. டேங்கருக்கே டேங்கர் எண்ணெய் கொடுத்தது. வல்கன் திட்டத்தில் நினைத்ததைவிட அதிகம் குடித்தது. அது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. தனக்கு ஒத்துவராத உயரத்திலும் வேகத்திலும் விக்டர்களோடு சேர்ந்து பறக்கவும் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கைமாறலிலும் பற்றாக்குறை வளர்ந்துகொண்டே போனது. குண்டுக் கணக்கு வேறு அழகு. ஓடுதளத்தின் நீளவாக்கில் போனால் கொஞ்சம் விலகினாலும் எல்லாம் வீண். அதனால் குறுக்கே சாய்வாக, 10,000 அடியிலிருந்து, 21 குண்டுகளை வரிசையாக விட்டார்கள். ஏதாவது ஒன்று விழுந்தே தீரும் என்பது கணக்கு. ஒன்று விழுந்தது.

பத்தாயிரம் அடியிலிருந்து விட்ட குண்டு, காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், தரையைத் தொட 25 விநாடி. உங்கள் எஃப்-16 450 நாட்டில் போனால் அந்த நேரத்தில் மூன்று நாட்டிக்கல் மைலைக் கடந்திருக்கும். இதை விமானத்தின் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். பார்த்துக்கொள்ளும்தான். ஆனால் அந்த மூன்று மைலில் எந்த ஏவுகணை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது உங்கள் வேலை.

அலகு விஷயத்தில் கறாராக இருங்கள். குழுவில் ஒருவர் சு-25 ஓட்டுகிறார் என்றால் அவருடைய உலகம் கிலோ, கிலோமீட்டர், மீட்டர். உங்களுடையது பவுண்டு, நாட், அடி. "பிங்கோ மூன்று" என்று மொட்டையாகச் சொன்னால் இரண்டு பேருக்கு இரண்டு அர்த்தம். 1983 ஜூலையில் ஏர் கனடாவின் ஒரு போயிங் 767, 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டை வைத்துக் கிளம்பியது. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. கிம்லியில் ஒரு பழைய விமானதளத்தில் சறுக்கியே இறக்கினார்கள், உயிரிழப்பு இல்லை. தாளின் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள், உங்களுக்கு மட்டுமான தாளாக இருந்தாலும்.

இந்த சிமுலேட்டர் பழக்கத்தை வைத்து விமானத் துறையில் வேலை கிடைக்குமா என்று தம்பிகள் கேட்கிறார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: வணிக விமானி உரிமத்துக்கு இந்தியாவில் கேட்கும் 200 மணி நேரப் பறப்பில் வீட்டு சிம் ஒரு நிமிடம்கூடச் சேராது. "டிசிஎஸ்ஸில் இரண்டாயிரம் மணி நேரம்" என்று விண்ணப்பத்தில் போட்டால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். ஆனால் விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் அறையில் போடும் தாளை எடுத்துப் பாருங்கள்: உருள எண்ணெய், பயண எண்ணெய், எதிர்பாராததற்கு வழக்கமாக 5 சதவீதம், மாற்று விமான நிலையத்துக்கு, கடைசியில் ஜெட் விமானம் 30 நிமிடம் வட்டமடிக்க. நீங்கள் சனிக்கிழமை போட்டதன் அண்ணன்தான் அது. அந்தப் பக்கம் போக நினைத்தால் மணிக்கணக்கை விட்டுவிட்டு, பத்து பறப்புகளின் தாளை எடுத்துப் போங்கள்: திட்டமிட்டது ஒரு பத்தி, நடந்தது ஒரு பத்தி, வித்தியாசம் ஏன் என்று ஒரு வரி.

அந்த இரண்டாவது பத்தியை இறங்கிய உடனே நிரப்பிவிட வேண்டும். மறுநாள் ஞாபகம் நமக்குச் சாதகமாகப் பேசத் தொடங்கிவிடும். என் கடைசித் தாளில் திரும்பும் வழிக்கு எழுதியிருந்தது 1,200. ஆனது 1,400. காரணம் என்ற இடத்தில்: "எதிர்க்காற்று 30. இரண்டு குண்டு போடாமல் திரும்பக் கொண்டுவந்தது." அடுத்த சனிக்கிழமைத் தாளில் மைலுக்கு 14 என்று திருத்தியிருக்கிறேன். பிங்கோ 3,300.