சென்சார் எப்போது பேச வேண்டும்? மூன்று வழிகளும் ஒரு தேர்வும்

கூம்புத் தொட்டியின் அடியில் ஒரு லிட்டர் நீர் விட்டால் மட்டம் சட்டென ஏறும். மேலே அதே ஒரு லிட்டர் விட்டால் ஏறியதே தெரியாது. இப்படிப்பட்ட நேரிலா அமைப்புக்குச் சமன்பாடு கைவசம் இல்லையென்றால், தரவைப் பார்த்தே கற்கும் கட்டுப்படுத்தி வேண்டும். சீன ஆய்வாளர் ஹோ ஜோங்ஷெங் 1994-இல் முன்வைத்த முறை அத்தகையது: வால்வைச் சற்றுத் திருப்பினால் மட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒவ்வோர் அளவீட்டிலும் புதிதாக மதிப்பிடும்.

அந்த அளவீடுகள் வயர்லெஸ் வழியே வந்தால் கணக்கு இறுகும். பேட்டரி தீரும்; அலைவரிசையும் அளந்துதான் கிடைக்கும். ஐரோப்பாவில் 868.0–868.6 மெகாஹெர்ட்ஸில் ஒரு கருவி பொதுவாக 1% நேரமே, அதாவது மணிக்கு 36 விநாடியே, செய்தி அனுப்பலாம்.

சீரான இடைவெளி
அமைக்க எளிது. செய்தி தவறினால் உடனே தெரியும். தரவு தொடர்ந்து வருவதால் கற்றலுக்கு நல்லது. மட்டம் அசையாதபோதும் அனுப்பிக்கொண்டிருப்பதே வீண்.

மாறினால் மட்டும்
கடைசியாக அனுப்பிய அளவிலிருந்து மட்டம் வரம்பு தாண்டி விலகினால்தான் சென்சார் பேசும். 1999-இல் ஆய்வாளர்கள் ஆஸ்ட்ராமும் பெர்ன்ஹார்ட்சனும் இரைச்சலில் அலையும் ஓர் எளிய அமைப்பை ஆராய்ந்தார்கள். சராசரியாக அதே எண்ணிக்கையில் அளந்தும், சீரான இடைவெளியில் விலக்க வர்க்கச் சராசரி மூன்று மடங்காக இருந்தது. ஆனால் சென்சார் மௌனமாக இருந்தால் அது அமைதியா, பழுதா என்று தெரியாது. வரம்பருகே மட்டம் நடுங்கினால் செய்திகள் குவியும். அமைதி நீண்டால் கட்டுப்படுத்திக்குக் கற்க எதுவும் வராது.

அடுத்த நேரத்தை முன்கூட்டியே குறிப்பது
ஒவ்வொரு செய்தியின்போதும் அடுத்தது எப்போது என்று கட்டுப்படுத்தி சொல்லிவிடும். அதுவரை சென்சார் தூங்கலாம். பேட்டரிக்கு இதுவே மிகச் சிக்கனம். ஆனால் கணிப்பு நம்பகமாக இருக்க வேண்டும். இடையில் குழாய் உடைந்தாலும் தெரியாது.

எதைத் தேர்வது?
கற்கும் கட்டுப்படுத்திக்கு முதல் நாளிலேயே சிக்கனம் வேண்டாம். முதலில் சீரான இடைவெளியில், வால்வை இலேசாக அசைத்துக் கற்கவிடுங்கள். கணிப்பு நிலைத்ததும் இரண்டாம் வழிக்கு மாறுங்கள். இரு செய்திகளுக்கிடையே குறைந்தபட்ச இடைவெளியும், மௌனத்துக்கு உச்சவரம்பும் வையுங்கள். மூன்றாவது வழி மெதுவாக மாறும், நன்கு அறிந்த அமைப்புக்கே பொருந்தும். கணிப்பு மீண்டும் தவறத் தொடங்கினால், தயங்காமல் முதல் வழிக்கே திரும்புங்கள். செய்தியை மிச்சப்படுத்தலாம், கற்றலைப் பட்டினி போடக் கூடாது.