கம்பி எந்தப் பக்கம் இழுக்கிறது?



நம் திருத்தணி மலையில் 365 படி ஏறி நின்றால், அரக்கோணம் பக்கம் கடற்படை விமானங்கள் எழும்புவது கண்ணில் படும். 1992 மார்ச் 11-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி தளம் அது. 2017 வரை டியூ-142 பறந்தது. 2013-லிருந்து பி-8ஐ வந்துவிட்டது. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத் தருவதும் அங்கேதான்.

இவ்வளவு அதிர்விலும் போல்ட்டு ஏன் கழன்று விழுவதில்லை? விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு மாமாவிடம் கேட்டேன். "கழலத்தான் பாக்கும், விடமாட்டோம்" என்றார்.

முறுக்கிய போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது மரைகளுக்கு இடையே உள்ள உராய்வு. இணைப்பு பக்கவாட்டில் துளி துளியாக நழுவினால் அந்த உராய்வு தளர்ந்து, போல்ட்டு தானாகவே பின்னால் சுழலும். இதை 1969-ல் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். விமானத்தில் இதற்குப் பல வழிகள் உண்டு: காட்டர் பின், லாக் நட், டேப் வாஷர். நான் கற்றது சேஃப்டி வயர். போல்ட்டுத் தலையில் துளையிட்டு, சுமார் 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைக் கோத்து, அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு கொடுத்து, அடுத்த போல்ட்டோடு கட்டுவது.

ஒரு தகட்டில் இரண்டு போல்ட்டுகளை முறுக்கிக் கொடுத்து, "கட்டுடா" என்றார். சடை பின்னியது போல அழகாகக் கட்டினேன். எனக்கே பெருமை! மாமா ஒன்றும் பேசவில்லை. இடப்பக்க போல்ட்டில் ஸ்பேனரை வைத்துக் கழற்றும் திசையில் திருப்பினார். வலப்பக்க போல்ட்டும் சேர்ந்து கழன்றது!

நான் கம்பியை மேல் விளிம்பிலிருந்து மேல் விளிம்புக்கே நேராக இழுத்திருந்தேன். வலது மரை போல்ட்டுகள் என்றால், இடப்பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து கிளம்பி, சரிவாக வலப்பக்கத்தின் கீழ் விளிம்புக்குப் போக வேண்டும். அப்போது ஒன்று கழல முயன்றால் மற்றதை இறுக்கும் பக்கம்தான் இழுக்கும். தாளில் இரண்டு வட்டம் போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

இன்னொரு தப்பும் செய்தேன். துளை சரியான கோணத்தில் வரவில்லை என்று போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். திட்டு விழுந்தது. குறித்த டார்க் அளவுக்குள் வராவிட்டால் வாஷரையோ போல்ட்டையோ மாற்ற வேண்டுமாம். கம்பி போல்ட்டை முறுக்காது. முறுக்கியது கழலாமல் பார்க்கும், அவ்வளவுதான். ஒருமுறை அவிழ்த்த கம்பியை மறுபடி போடவும் கூடாது. நுனியை மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்தவன் விரலைக் கிழிக்கும் (என் விரலே சாட்சி).

அந்தத் தகடு இப்போது நம் ஒர்க்‌ஷாப் ஜன்னலோரம் இருக்கிறது. ஒரு முனையில் தப்பான கட்டு, மறுமுனையில் சரியானது. ஸ்பேனர் வைத்துத் திருப்பிப் பாருங்கள்.