பூட்டியின் பெயர் யாது?

சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவரை வம்சமரம் வரைந்துவரப் பணித்தேன். பூட்டன்மாரின் பெயர்கள் வந்திருந்தன. பூட்டிமாருக்குரிய கட்டங்கள் வெறுமையாய் இருந்தன. பெற்றோரை வினவியபோது, "ஆச்சி என்றே அழைத்தோம்" என்றனர். குறைகூற எனக்குத் தகுதியில்லை. என் பூட்டியின் பெயரை நான் அறிந்ததும் முப்பது வயதின் பின்னரே.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தாயின் முழுப்பெயர் அதில் உண்டு. பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கும் இடமுண்டு. பாட்டிக்கு இல்லை. ஆகவே அம்மம்மாவை அறிய அம்மாவின் சான்றிதழையும், பூட்டியை அறிய அம்மம்மாவின் சான்றிதழையும் தேடல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர்க்கு அதனினும் வளமான சான்று சீதன உறுதியாகும். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, கணவனின் முதுசத்தினின்றும் மனைவியின் சீதனத்தை வேறுபிரித்தது. தாய்க்குச் சீதனமாக வந்த காணியே பெரும்பாலும் மகளுக்கும் சீதனமாயிற்று. அக்காணி கொடுப்பவருக்கு எவ்வாறு கிடைத்தது என்பதையும் உறுதி கூறும். அவ்வழியே பின்னோக்கிச் செல்லலாம்.

என் தாயாரின் உறுதியில் காணியின் பெயர், பரப்பளவு, கிணற்றுப் பங்கு யாவும் இருந்தன. கீழே அம்மம்மா அழகாகக் கையொப்பமிட்டிருந்தார். அம்மம்மாவின் பழைய உறுதியைத் தேடியெடுத்தபோது பூட்டியின் பெயர் கிடைத்தது. பெயருக்கு அருகே கைநாட்டு! அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிற் பெண்களுக்குப் பாடசாலை தொடங்கியது 1824இல். எழுத்து எம் வீட்டுப் பெண்களை வந்தடைய அதன்பின்னும் நெடுங்காலஞ் சென்றிருக்கிறது.

1995 இடப்பெயர்விற் பலர் உறுதிகளை இழந்தனர். ஆயினும் நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிக் கந்தோருக்கு அனுப்புதல் விதி. உறுதி இலக்கமும் திகதியும் நினைவிலிருப்பின் அங்கு விசாரிக்கலாம்.

உறுதி சொல்லாதவற்றை உயிரோடிருப்போரிடமே கேட்டறிதல் வேண்டும். எத்தனை பிள்ளைகள் பெற்றார், எத்தனை தங்கின, எவ்வூரிலிருந்து மணமாகி வந்தார், எத்தொழில் செய்து குடும்பத்தைத் தாங்கினார்? பிள்ளைகளே, இவ்வார இறுதியில் அம்மம்மாவுடனும் அப்பம்மாவுடனும் தொலைபேசியிற் பேசும்போது, நலம் விசாரித்தபின், அவர்களுடைய தாயாரின் பெயரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். எழுத்துப்பிழையை நாம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.